அரிக்கமேடு: கொலோசியம் எங்கம்மா?

இந்த வாரம் புத்தகம் கம்மி, ஊர் சுத்தின கதை ஜாஸ்தி.

தாம்பரத்துல இருந்து ரோம் எவ்வளவு தூரம்? ஃப்ளைட் டிக்கெட் எல்லாம் தேட வேண்டாம். கார்ல மூணு மணி நேரம், நடுவுல ஒரு டீ. நான் சொல்றது அரிக்கமேடு. புதுச்சேரிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர்ல, அரியாங்குப்பம் ஆத்தங்கரையில இருக்கு. ஸ்கூல்ல நாம எல்லாரும் இதை ரெண்டு மார்க் கேள்வியா படிச்சிருக்கோம். "ரோமானியருடன் வாணிபம் நடந்த துறைமுகம் எது?" பதில் எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்துட்டோம்.

புதுச்சேரிக்கு வீக்எண்ட் போற நம்ம ஆளுங்களை எண்ணவே முடியாது. அதுல அரிக்கமேட்டுக்குப் போனவங்களை ஒரு ஷேர் ஆட்டோவுல ஏத்திடலாம். நானும் ரொம்ப நாள் போகாத கூட்டம்தான். இந்தத் தடவை என் பொண்ணு ரோம் பத்தி ஏதோ கார்ட்டூன் பாத்துட்டு தினமும் கேள்வி கேட்டா. எட்டு வயசு. சரி, நம்ம ஊர்லயே ரோமானிய இடம் இருக்கு, கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு கொடுத்துட்டேன். அப்பா, அம்மா, என் ஹஸ்பெண்ட், பொண்ணு, நான். ஒரு தூக்கு நிறைய புளியோதரை, வறுத்த அப்பளம்.

ஜிஎஸ்டி ரோடு வேண்டாம்னு வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சு, கோவளத்துல ஈசிஆர் ஏறினோம். இந்த ரூட்டை நான் வேணும்னேதான் எடுத்தேன். நாம மாமல்லபுரத்தைப் பாத்துட்டு, மிச்ச ஈசிஆரைத் தூங்கிக்கிட்டே கடந்துடறோம். கல்பாக்கம் தாண்டினா பாலாறு கடல்ல கலக்குது இல்லையா, அந்த முகத்துவாரத்துப் பக்கத்துல வசவசமுத்திரம்னு ஒரு சின்ன ஊர். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970ல அங்க தோண்டினப்போ உறைகிணறும், ஆம்ஃபோரா ஜாடி உடைசலும் கிடைச்சது. அதுக்கப்புறம் உப்பளம் உப்பளமா வருதே மரக்காணம், அதையும் கவனிங்க. முதலாம் நூற்றாண்டுல எகிப்துல இருந்த ஒரு கிரேக்க வியாபாரி எழுதின கடல்வழிக் குறிப்பு ஒண்ணு இருக்கு, 'பெரிப்ளுஸ்'னு பேரு. அதுல இந்தக் கரையில மூணு துறைமுகம் வரிசையா வரும்: கமாரா, பொதுகே, சோபத்மா. சோபத்மாதான் மரக்காணம்னு சில அறிஞர்கள் சொல்றாங்க. பொதுகேதான் அரிக்கமேடுனு பெரும்பாலானவங்க ஏத்துக்கறாங்க. அதாவது நாங்க கார்ல போன ரோட்டுக்கு இணையா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல் போயிட்டு இருந்துச்சு.

இதை எல்லாம் நான் உற்சாகமா சொல்லிக்கிட்டே வர்றேன். பின்னாடி சீட்ல மூணு பேரும் தூக்கம்.

அரிக்கமேட்டுக்குள்ள நுழைஞ்சா முதல்ல தெரியறது மாமரமும் தென்னையும். நல்ல நிழல். அந்தப் பக்கம் ஆறு அமைதியா ஓடுது. கொஞ்சம் நடந்தா இடிஞ்ச செங்கல் சுவர் ஒண்ணு உயரமா நிக்குது. வர்றவங்க எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கறாங்க. என் ஹஸ்பெண்டும் எடுத்தார். "இதான் ரோமா?"னு கேட்டார்.

அது ரோம் இல்ல. அது 1770கள்ல கட்டின கிறிஸ்தவ மடம். பினோ த பெஹைன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார், குருமார்களுக்குப் பாடம் சொல்லித்தர கட்டின இடம். இவர் பின்னாடி வியட்நாம் அரசியல்ல பெரிய ஆளா ஆனார், அது தனி எபிசோட். ரோமானியக் காலத்துச் சுவர்கள் எல்லாம் மண்ணுக்குள்ள. தோண்டிப் பாத்து, அளவெடுத்து, படம் வரைஞ்சு, திரும்ப மூடிட்டாங்க. செங்கல் சுவரை வெயில்லயும் மழையிலயும் திறந்து போட்டா கரைஞ்சு போயிடும், அதனால மூடறது நல்ல வழக்கம்தான். ஆனா எட்டு வயசுக் குழந்தைக்கு அதை எப்படிச் சொல்றது? "கொலோசியம் எங்கம்மா?"ன்னா. நான் ஒரு மாமரத்தடியைக் காட்டினேன். அவ என்னைப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

சரி, ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியாத இந்த மேடு எப்படி உலகப் புகழ் ஆச்சு? அங்க வாங்க.

முதல்ல இதை எழுதி வச்சவர் ஒரு துரதிர்ஷ்டசாலி. கியோம் லெ ஜென்தில், பிரெஞ்சு வானியலாளர். 1761ல சூரியனுக்குக் குறுக்க வெள்ளி கிரகம் போறதைப் பாக்கறதுக்காக புதுச்சேரி வர கிளம்பினார். வர்றதுக்குள்ள ஊரை இங்கிலீஷ்காரங்க பிடிச்சுட்டாங்க. நடுக்கடல்ல, ஆடற கப்பல்ல இருந்து ஒண்ணும் அளக்க முடியல. அடுத்த தடவை 1769ல. எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தார், புதுச்சேரியில வசதியா ஒரு ஆய்வுக்கூடமும் ரெடி பண்ணிட்டார். அந்த நாள் வந்தது. சரியா அந்த நேரத்துக்கு மேகம் மூடிடுச்சு. திரும்பி பிரான்ஸ் போனா, இவர் செத்துட்டார்னு முடிவு பண்ணி சொந்தக்காரங்க சொத்தைப் பிரிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. வானத்துல தேடினது கிடைக்கலைன்னாலும், தரையில ஒண்ணைக் கவனிச்சு எழுதிட்டுப் போனார்: வீராம்பட்டினத்து ஜனங்க இந்த ஆத்தங்கரையில இருந்து பெரிய பெரிய பழைய செங்கல்லை எடுத்துட்டுப் போறாங்கனு.

அதுக்கப்புறம் ரொம்ப காலம் பேச்சே இல்ல. 1930கள்ல ழூவோ துப்ராய்னு ஒரு பிரெஞ்சு பேராசிரியர். பல்லவர் வரலாறு பத்திப் படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச பேரு. இவர்கிட்ட இங்க இருக்கற பசங்க மண்ணுல கிடைச்ச மணிகளைக் கொண்டு வந்து கொடுப்பாங்க. 1937ல அப்படி வந்ததுல ஒரு கல்லுல மனுஷத் தலை செதுக்கியிருந்தது. இது ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ்னு அவர் சொன்னார். அரிக்கமேட்டோட முதல் தொல்லியல் ஆட்கள் யாருன்னு கேட்டா, நான் அந்தப் பசங்களைத்தான் சொல்வேன். அவங்க பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

அடுத்து வர்றவர் பேரு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. மார்ட்டிமர் வீலர். 1944ல இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநரா வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, தொல்லியல் அறிஞர், கூடவே நல்ல ஷோமேன். நம்ம எழும்பூர் மியூசியத்துல ஒரு அலமாரிக்குள்ள கை விட்டு ஒரு உடைஞ்ச ஜாடித் துண்டை எடுத்தார். எடுத்ததுமே அது மத்தியதரைக்கடல் பக்கத்து ஆம்ஃபோரானு தெரிஞ்சது. எங்க கிடைச்சதுனு கேட்டா, அரிக்கமேடு. புதுச்சேரிக்குப் போய், அங்க நூலகத்துல சேத்து வச்சிருந்ததைப் பாத்தா, சிவப்பா பளபளன்னு ஓடு. இத்தாலியில அரெஸ்ஸோங்கற ஊர்ல செஞ்ச தட்டு, கிண்ணத்தோட உடைசல். அதுல செஞ்சவங்க முத்திரை கூட இருந்தது: விபியே, கமுரி, இட்டா. 1945 கோடையில வந்து தோண்டிட்டார்.

ஒரு உடைஞ்ச தட்டுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? இதை நல்லா புரிஞ்சுக்கணும். அப்போ தென்னிந்தியாவுல தோண்டினா பானை நிறைய கிடைக்கும், வருஷம் கிடைக்காது. கார்பன் டேட்டிங் அப்ப இல்ல. உங்க வீட்டு அஸ்திவாரம் தோண்டறப்போ ஒரு மண் அடுக்குல 1957 போட்ட ஒரு நயா பைசா கிடைக்குதுன்னு வைங்க. அந்த அடுக்கு 1957க்கு முன்னாடி உருவாகியிருக்க முடியாது, சரியா? அதே அடுக்குல கிடக்கற சோடா பாட்டில், உடைஞ்ச பீங்கான் எல்லாத்துக்கும் ஒரு காலம் கிடைச்சுடுது. அரெஸ்ஸோ தட்டு எந்தக் காலத்துல செஞ்சதுனு ஐரோப்பாவுல தெளிவா தெரியும், ஏறக்குறைய கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி. அந்தத் தட்டுதான் வீலருக்கு நயா பைசா. அதோட சேர்ந்து கிடைச்ச உள்ளூர்ப் பானைக்கும் காலம் கிடைச்சது. அந்தப் பானை வேற எந்த ஊர்ல கிடைச்சாலும் அந்த ஊருக்கும் காலம் கிடைச்சது. தென்னிந்தியாவுக்கே ஒரு காலண்டர் மாட்டின மாதிரி.

வீலர் வேலையில எனக்கு மரியாதை உண்டு. கதையிலதான் சிக்கல். அவர் சொன்ன கதை இப்படி: இங்க சாதாரண மீனவ கிராமம் இருந்தது, ரோம் வியாபாரம் வந்தது, ஊர் நகரமாச்சு. வடக்குப் பக்கம் 150 அடிக்கு மேல நீளமான ஒரு கட்டடத்தைக் கிடங்குனு சொன்னார். தெற்குப் பக்கம் தொட்டிகள் இருந்த முற்றத்தைத் துணிக்குச் சாயம் போடற இடம்னு சொன்னார். 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்'ங்கற பேரு அவர் வச்சதுதான். நம்ம ரெண்டு மார்க் பதில் அங்க இருந்து வந்தது.

இங்கதான் எங்கம்மாவைக் கொண்டு வரணும். அம்மா மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். நான் மாமரத்தடியில உக்காந்து ஃபோன்ல அகழாய்வுப் படங்களைக் காட்டிக்கிட்டே இதை எல்லாம் சொல்றேன். இத்தாலி தட்டு, கிரீஸ்ல கோஸ் தீவுல இருந்து வந்த ஒயின், ஆலிவ் எண்ணெய், காரம்னு ஒரு மீன் சாஸ். மீனை உப்புல போட்டு மாசக்கணக்குல ஊற வைப்பாங்கனு சொன்னேன். "கருவாட்டுத் தண்ணியா?"ன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் மத்த படங்களைப் பாத்தாங்க. கருப்பு-சிவப்புப் பானை, மூடி, உறைகிணறு, அகல். "எல்லாம் நம்ம வீட்டுச் சாமானா இருக்கு. ரோம்காரன் சாமான் கொஞ்சம்தானே இருக்கு, அப்புறம் எப்படி இது ரோம்காரன் ஊரு?"

விமலா பெக்லி 1989ல இருந்து 1992 வரைக்கும் இங்க திரும்பத் தோண்டினப்போ கையில எடுத்ததும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செஞ்ச வேலை அது. வீலர் தோண்டின இடங்களையும், நடுவுல 1947–50ல காசால் தோண்டின இடங்களையும் மறுபடி ஆராய்ஞ்சாங்க. ஊர் அகஸ்டஸ் காலத்துக்குக் குறைஞ்சது ஒரு நூறு, இருநூறு வருஷம் முன்னாடியே இருந்திருக்கு. ரோம் வியாபாரம் குறைஞ்ச பிறகும் ஊர் சாகல, ஜனங்க பல நூற்றாண்டு இருந்திருக்காங்க. சோழர் காலத்துப் பொருள்கூட கிடைச்சிருக்கு. ரொம்ப முக்கியமான ஒண்ணு: உள்பக்கம் வட்ட வட்டமா புள்ளி ஓடற ஒரு சாம்பல் நிறத் தட்டு. இது ரோம் பக்கத்துச் சரக்கு, இல்லைன்னா அதைப் பாத்துச் செஞ்சதுன்னு முன்னாடி நினைச்சாங்க. அது இந்தியாவுலயே செஞ்சது. அதே தட்டு அனுராதபுரத்துலயும் கிடைக்குது, பாலித் தீவுல செம்பிரான்லயும் கிடைக்குது. இந்த ஊரோட முகம் மேற்கே மட்டும் திரும்பியிருக்கல.

"ரோமானியர்"ங்கற சொல்லுலயும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். இங்க வந்தவங்க பெரும்பாலும் எகிப்துத் துறைமுகங்கள்ல இருந்து பருவக்காத்தைப் பிடிச்சு வந்த வியாபாரிங்க, மாலுமிங்க. கிரேக்கம் பேசறவங்க அதுல நிறைய. அதனாலதான் நம்ம ஆளுங்க எல்லாரையும் சேத்து யவனர்னு சொல்லிட்டாங்க. யவனர் கொண்டு வந்த மது பத்தி புறநானூறுல பேச்சு வருது. ஒயினைக் குடிச்சது யாரு, வந்தவனா, நம்ம ஆளா? ரெண்டு பேரும்தான்னு எனக்குத் தோணுது.

அப்போ இந்த ஊர்க்காரங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க? மணி செஞ்சாங்க. அரிக்கமேட்டோட உண்மையான அடையாளம் அதுதான்னு நான் சொல்வேன். சூதுபவளம், செவ்வந்திக்கல், படிகம் எல்லாத்தையும் பட்டை தீட்டி ஓட்டை போட்டிருக்காங்க. அதைவிடப் பெரிய விஷயம் கண்ணாடி மணி. உருகின கண்ணாடி உருண்டையில இருந்து, நடுவுல ஓட்டையோட நூல் மாதிரி நீளமான குழாயை இழுக்கணும். ஆறினதும் பொடிப் பொடியா நறுக்கணும். நறுக்கின விளிம்பு கூரா இருக்கும், அதைச் சாம்பலோட போட்டு மறுபடி சூடாக்கினா உருண்டு மழுங்கிடும். ஒரே இழுப்புல ஆயிரக்கணக்கான மணி. இந்த வகை மணி தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியிருக்கு. கிட்டத்தட்ட இதே முறையில மணி இழுக்கற குடும்பங்களைத் திருப்பதி பக்கத்துல பாபநாயுடுபேட்டைங்கற ஊர்ல நம்ம காலத்துலயும் ஆய்வாளர்கள் பாத்துப் பதிவு பண்ணியிருக்காங்க.

இது எல்லாம் எனக்குத் தெரியும். என் பொண்ணுக்குத் தெரியாது. முந்தின நாள் ராத்திரி மழை பேஞ்சிருந்தது. ஆத்துச் சரிவுப் பக்கம் குச்சி வச்சுக் கிளறிட்டு இருந்தவ கையை மூடிட்டு ஓடி வந்தா. திறந்தா, மிளகு சைஸ்ல, செங்கல் நிறத்துல ஒரு மணி. ஓட்டை தெளிவா தெரியுது.

"இது எனக்கு"ன்னா.

பாதுகாக்கப்பட்ட இடத்துல இருந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது, அது சட்டம். அதைச் சொன்னேன். அப்பா விடல. தாம்பரம் கார்ஷெட்ல முப்பது வருஷம் ஃபிட்டர், எதையும் கழட்டிப் பாத்துத்தான் ஒத்துக்குவார். "நீதானே சொன்ன, எந்த அடுக்குல இருக்குங்கறதுதான் முக்கியம்னு. இது மழையில கரைஞ்சு மேல வந்துடுச்சு. இதுக்கு அடுக்கே கிடையாது. நாளைக்கு ஆத்துல போகப் போறது. குழந்தை வச்சிருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

நேர்மையா சொன்னா, நல்ல வாதம். அரிக்கமேடுங்கற பேருக்கே 'அரிக்கற மேடு'ன்னு ஒரு விளக்கம் உண்டு. வடக்குப் பக்கத்தை ஆறு நிறையவே தின்னுடுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, வர்ற ஒவ்வொரு குழந்தையும் ஒண்ணு எடுத்துட்டுப் போனா? இங்க மணி செஞ்சாங்கனு நமக்குத் தெரியறதே அது இந்த மண்ணுல குவியலா கிடந்ததாலதான். தாம்பரத்துல என் வீட்டு டிராயர்ல கிடந்தா அது வெறும் பாசிமணி. பத்து வருஷம் கழிச்சு அது எங்க இருந்து வந்ததுன்னு எங்களுக்கே மறந்துடும். துப்ராய்கிட்ட கல்லைக் கொண்டு வந்து கொடுத்த பசங்க கதையை அவகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. உள்ளங்கையில வச்சு ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொன்னா. அப்புறம் போய் வாட்ச்மேன் அண்ணாகிட்ட கொடுத்துட்டா. கோபம் போகல, கார்ல என்கூட பேசவே இல்ல.

பாரதி பூங்கா பக்கத்துல இருக்கற புதுச்சேரி மியூசியத்துக்குப் போனோம். அரிக்கமேட்டுப் பொருள் அங்கதான் கண்ணுல படற மாதிரி இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள அதே செங்கல் நிற மணிங்க. மூக்கை ஒட்டிப் பாத்துட்டு, "என்னோடது இதைவிட நல்லா உருண்டையா இருந்துச்சு"ன்னா. அந்த நாள்ல அவ ரோம் பத்திக் கேக்காம விட்ட முதல் நேரம் அதுதான்.

அம்மாவுக்கு நான் சொன்ன ஒரு விஷயம் உங்களுக்கும் சொல்லிடறேன். எகிப்துல செங்கடல் கரையில குசேர் அல்-காதிம்னு ஒரு பழைய துறைமுகம். அங்க ஒரு பானை ஓட்டுல தமிழ் பிராமி எழுத்து. ஐராவதம் மகாதேவன் அதைப் 'பானை ஒறி'ன்னு படிச்சார், ஒறின்னா உறி. உறி, கூரையில கட்டித் தொங்கவிட்டு பானை வைப்போமே, அதே உறி. இன்னொரு துறைமுகம் பெரெனிகேயில, ஒரு கோயில்ல இந்தியப் பானை நிறைய ஏழரை கிலோ மிளகு கிடைச்சது. அரிக்கமேட்டுல இட்டாங்கற இத்தாலிக் குயவன் பேரு, செங்கடல்ல ஒரு தமிழ் ஆளோட உறிப்பானை. அதுக்காக குசேரை யாரும் 'எகிப்திய-தமிழ் வணிக நிலையம்'னு சொல்றதில்ல பாருங்க.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. முதல்ல மியூசியம், அப்புறம் மேடு. நாங்க தலைகீழா பாத்தோம், குழந்தைங்களோட போனா மியூசியத்துல ஆரம்பிக்கறது நல்லது. தண்ணி, தொப்பி எடுத்துக்கோங்க. ஆடி மாசம் போனா பக்கத்துல வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரையும் பாக்கலாம். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடிச்ச தேர் அது, இன்னைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கறாங்க. மழைக்கு அடுத்த நாள் போனா குனிஞ்சு பாருங்க. கையில கிடைச்சா அங்க இருக்கறவங்ககிட்ட கொடுத்துட்டு வாங்க.

அடுத்த எபிசோடுக்கு டோல்கேட் கூட தாண்ட வேண்டாம். பல்லாவரம். 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்க ஒரு கல்லைக் குனிஞ்சு எடுத்தார், அதைப் பத்திப் பேசலாம்.